பாலத்துத் துபாஷி

காய்கறி ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் கோட்டுப் போட்ட அரசாங்க உத்தியோகஸ்தர் ஆன கதை இது. அவர் படித்து ஆகவில்லை. யார் காலைப் பிடித்தும் ஆகவில்லை. இருந்த ஒரு நாடு இரண்டு நாடாகப் போனதில் ஆனார். நாடு பிரிந்தால் எல்லாருக்கும் நஷ்டம் என்று சொல்கிறவர்கள் சும்மா சொல்கிறார்கள். கொடி தைக்கிறவனுக்கு லாபம், எல்லைக் கம்பத்துக்குச் சாயம் அடிக்கிறவனுக்கு லாபம். நம் ஏலக்காரருக்கு லாபமா நஷ்டமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே அது இன்னும் பிடிபடவில்லை.

அதுவரை அவர் வாழ்க்கை காய்கறி மண்டியோடு சரி. விடிந்தும் விடியாமலும் போய், கூடைகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பார். "ஒரு தரம்!" என்று அவர் ஆரம்பித்தால் தெருக்கோடி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து ஓடிவருவான். ஏலம் விடுவதற்குத் தொண்டை மட்டும் போதாது. தலையைச் சொறிகிறவன் விலை கேட்கிறானா, இல்லை நிஜமாகவே அரிக்கிறதா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். வாங்குகிறவன் விற்கிறவனைத் திட்டுவான், விற்கிறவன் வாங்குகிறவனின் பரம்பரையையே வம்புக்கு இழுப்பான். இரண்டையும் விழுங்கிவிட்டு, நடுவில் நின்று விலையை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டில் நிலைமை வேறு. மண்டியையே அடக்குகிற தொண்டை வாசற்படி ஏறியதும் தானாக அடங்கிவிடும். அங்கே பேசுகிறவர் அவர் மனைவி. ஒரே மகள். தெருமுனைத் தையற்கடையில் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை அவளுக்கு. கடையிலிருந்த பழைய தையல் மெஷினின் சக்கரம் தேய்ந்துபோய்க் கடகடவென்று சத்தம் போட, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து ஒரு பையன் வந்து புதுச் சக்கரம் கடைந்து மாட்டினான். மாட்டியவன் அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஓடுகிற மெஷினை என்னத்துக்கு இத்தனை தரம் வந்து பார்க்கிறான் என்று கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

ஏலக்காரர் பாலத்தைக் கடந்து போய்ப் பையனின் அப்பாவைப் பார்த்தார். லேத்துக்காரர் மூக்குநுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிற மனிதர் என்று பேர். ஆனால் அன்றைக்கு டீ வந்தது, சிரிப்பு வந்தது, "சம்பந்தி" என்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் செய்தார்கள். மண்டியில் வரத்துக் குறைந்து கொஞ்சம் கை ஓயட்டும், தேதி வைத்துக்கொள்ளலாம் என்று பேசி எழுந்தார்கள். தேதி வைப்பதற்குள் நாடு பிரிந்துவிட்டது.

ஒருநாள் காலையில் வானொலியில் சொன்னார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இனிமேல் வேறு நாடு என்று. ஏன் என்று கேட்டால் இக்கரையில் ஒரு காரணம் சொன்னார்கள், அக்கரையில் ஒரு காரணம் சொன்னார்கள். இரண்டிலும் அடுத்தவன்தான் அயோக்கியன். இரண்டு பக்கமும் கொடி ஏற்றினார்கள், பாட்டுக்கு மெட்டுப் போட்டார்கள். பாலத்து முகப்பில் குதிரைமேல் ஒரு பழைய மன்னர் சிலை இருந்தது. எங்கள் மன்னர், உங்கள் மன்னர் என்று இழுபறி. கடைசியில் மன்னர் இக்கரைக்கு, குதிரை அக்கரைக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. மன்னர் இப்போது இங்கே ஒரு பீடத்தில் காலை அகட்டிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்த மாதிரி நிற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாலை போடும்போது சிரிக்கக் கூடாது என்று உத்தரவு.

எல்லாம் ஒருவழியாக முடிந்து, மொழியில் வந்து முட்டிக்கொண்டது. இரண்டு கரையிலும் பேசுவது ஒரே பேச்சு, ஒரே வசவு. ஒரே பாஷை பேசுகிறவர்களுக்கு எதற்கு இரண்டு நாடு என்று நாளைக்கு எவனாவது கேட்டுத் தொலைத்தால்? தலைநகரத்தில் பண்டிதர்கள் கூடி உட்கார்ந்து, அக்கரையில் பேசப்படுவது அயல்மொழி என்று கண்டுபிடித்தார்கள். சட்டமும் வந்தது. நாம் என்ன இளைத்தவர்களா என்று அடுத்த வாரமே அக்கரையும் அதே சட்டத்தைப் போட்டது. இனிமேல் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சந்தித்தால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆகவேண்டும். அவர் சொல்லும் வரைக்கும் எதிராளி பேசியது காதில் விழுந்ததாகக் கணக்கில்லை.

வேலைக்கு ஆள் தேவை என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். ஒருவரும் போகவில்லை. 'அவர்கள் பாஷை எனக்குத் தெரியும்' என்று எவன் துணிந்து சொல்வான்? எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய் என்று உள்ளே தள்ளிவிட்டால்? ஆனால் ஏலக்காரருக்கு வேறு வழியில்லை. மண்டியில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அக்கரைக்காரர்கள். பாலத்தை மூடியதும் "ஒரு தரம்" என்று கத்தினால் காக்காய்தான் திரும்பிப் பார்த்தது. கடைசியில் மண்டியையே பூட்டிவிட்டார்கள். மனைவி முகத்தைப் பார்க்கமுடியாமல், ஒரு துணிச்சலில் போய் நின்றார்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்தவர், "அயல்மொழியில் 'இன்றைக்கு மழை வரும்போல் இருக்கிறது' என்று சொல்லுங்கள்" என்றார்.

ஏலக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றிற்றோ, லேத்துக்காரர் பேசும்போது தாடையைத் தூக்கிக்கொள்வதுபோல் தாமும் தூக்கிக்கொண்டு, "இன்னைக்கு மழை வரும்போல இருக்கு" என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது நம் பாஷைதானே என்று யார் வாயைத் திறப்பது? திறந்தால் சட்டத்தை மறுத்தவன் ஆவான். இடதுபக்கம் இருந்தவர்தான் முதலில் சுதாரித்தார். "உச்சரிப்பு பிரமாதம்" என்றார். நடுவிலிருந்தவர், "எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை" என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். வேலை கிடைத்துவிட்டது. பதவிக்குத் துபாஷி என்று பேர் வைத்து, பித்தளைப் பித்தான் வைத்த கருநீலக் கோட்டும் கொடுத்தார்கள். காஜா எடுத்தது மகள்தான்.

மனைவி கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவங்க சொல்றதையே திருப்பிச் சொல்றதுக்குச் சம்பளமா?"

"ஆமா."

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதையேதான் உங்ககிட்ட திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருக்கேன். எனக்கு எவன் குடுத்தான்?"

பாலத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை. அதன் குறுக்கேயும் தரையிலும் ஒரே வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம் அக்கரை அதிகாரி, பருத்த மனிதர், சதா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் நம் அதிகாரி, ஒல்லி, மூக்குக்கண்ணாடி, சட்டத்தைத் தவிர வேறு எதற்கும் சிரிக்கமாட்டார். துபாஷிக்கு அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே நாற்காலி. பாதி உடம்பு ஒரு நாட்டில், பாதி உடம்பு இன்னொரு நாட்டில்.

முதல் வழக்கு ஒரு ஆடு. இக்கரை ஆடு பாலத்தைத் தாண்டிப் போய், அக்கரை அதிகாரியின் அலுவலகத்துச் செடியை மேய்ந்துவிட்டது. அக்கரை அதிகாரி கொதித்தார். "உங்க ஆட்டுக்கும் உங்க அரசாங்கத்துக்கும் ஒரே மூளைதான்னு சொல்லுங்க!"

நம் அதிகாரியின் முகம் குப்பென்று சிவந்தது. ஆனால் சட்டப்படி அவருக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துபாஷியைப் பார்த்தார்.

துபாஷி கனைத்துக்கொண்டார். "நம்ம ஆடு ரொம்பப் புத்திசாலி ஆடாம். நம்ம அரசாங்கத்தோட சாயல் அப்படியே இருக்காம்."

நம் அதிகாரி மெல்ல மூச்சு விட்டார். "நன்றி சொல்லுங்கள்" என்றார். அக்கரை அதிகாரியும் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டார். ஆட்டை அவிழ்த்து விட்டார்கள்.

அன்றைக்கே துபாஷிக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. திட்டுகிறவனுக்குத் திட்டியாயிற்று, மனசு ஆறிவிட்டது. கேட்கிறவனுக்குக் கேட்கவில்லை, மானம் பிழைத்தது. நடுவில் நிற்கிறவர் விலையை மட்டும் சொன்னால் போதும். மண்டியில் செய்த அதே வேலைதான், கோட்டு மட்டும் புதிது. அந்த ஆற்றில் ஒரு சண்டை மூளாமல் இருந்ததற்கு அவர் வாய்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்வேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. தெருவில் போகும்போது ஆட்கள் எழுந்து நின்றார்கள். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறத்தான் செய்தது. வீட்டில் தண்ணீர் கேட்கும்போதுகூடக் கனைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

மகள் மட்டும் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கடைக்குப் போனாள், காஜா எடுத்தாள், வந்து படுத்தாள். சாயங்காலமானால் ஆற்றங்கரை வழியாகவே வீட்டுக்கு வந்தாள். அது சுற்றுவழி. கேட்டால் காற்று நன்றாக இருக்கிறது என்பாள். அக்கரையிலும் அதே நேரத்துக்கு ஒருவனுக்குக் காற்று வாங்கத் தோன்றும் என்பது ஊருக்கே தெரியும். அவள் அப்பாவுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இரண்டு நாட்டுக்கும் நடுவே கல்யாணம் பண்ணிக்கொள்ள ஒருவழியாகச் சட்டம் வந்தது. பெண் அக்கரைக்குப் போகலாம். ஆனால் போனால் அவள் அக்கரைக் குடிமகள், திரும்பி வருவதற்கு இன்னும் சட்டம் வரவில்லை. பாலத்து அறையில் விசாரணை நடக்கும். மாப்பிள்ளையின் மொழி பெண்ணுக்குப் புரிய வேண்டும், புரியாதவனுக்குக் கட்டிக்கொடுப்பது குடிமகளுக்குச் செய்யும் அநியாயமாம். ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியாமல் அயல்மொழி கற்றிருந்தால் அது குற்றமாம். புரியாது என்றால் கல்யாணம் இல்லை, புரியும் என்றால் கேஸ். சட்டம் எழுதியவன் நிச்சயம் கல்யாணமாகாதவன்.

துபாஷி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இது நடந்தா பொண்ணு நம்மளை விட்டுப் போயிடுவா" என்றார்.

"நடக்கலைன்னா நம்மகூடவே உக்காந்து ஆயுசு பூரா அழுவா" என்றார் மனைவி. "ரெண்டுல எது தேவலைன்னு நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்க. அதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க?"

அவர் மனு போட்டார்.

விசாரணை நாளன்று அறைக்குள் நிற்க இடமில்லை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மகளும் மனைவியும். அந்தப் பக்கம் பையனும் லேத்துக்காரரும். எடுத்த எடுப்பிலேயே நம் அதிகாரி ஒரு சிக்கலைக் கிளப்பினார். பெண்ணுக்குத் தகப்பனும் துபாஷியும் ஒரே ஆள். ஒரே ஆள் எப்படி இரண்டு வேலை பார்ப்பது? வேறு துபாஷியும் கிடையாது. இரண்டு அதிகாரிகளும் வாதாடி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோட்டுப் போட்டிருந்தால் துபாஷி. கழற்றினால் தகப்பன்.

முதலில் பேசியவர் லேத்துக்காரர். நெடுநாள் அடக்கிவைத்திருந்தார் போலிருக்கிறது.

"கேளுங்க இவரை! நான் பேசுறது வேத்து பாஷையாம். இவருக்கு நான் பேசினது ஒண்ணுமே புரியாதாம். என் வீட்டு டீயைக் குடிச்சுட்டு, என்னைக் கட்டிப்பிடிச்சு சம்பந்தின்னு சொன்ன மனுஷன், இன்னைக்கு அதைச் சொல்லித்தான் சோறு திங்கிறாரு! வெக்கமா இல்லையான்னு கேளுங்க!"

எல்லாரும் துபாஷியைப் பார்த்தார்கள். எத்தனையோ வசவுகளைப் பூப்போல மாற்றிக் கொடுத்தவர். இதையும் மாற்றியிருக்கலாம், ஒரு நொடி வேலை. அவர் கனைத்துக்கொண்டார். பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், "வெக்கமா இல்லையா" வரைக்கும் அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். உள்ளே சட்டையில் முதுகுப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது.

"வெக்கமாத்தான் இருக்கு சம்பந்தி" என்றார். "மண்டியைப் பூட்டிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது கத்துறது ஒண்ணுதான். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

உடனே ஞாபகம் வந்து, அவசர அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு, தாம் சொன்னதைத் தாமே தாடையைத் தூக்கிக்கொண்டு திருப்பிச் சொன்னார். அவசரத்தில் ஒரு கை தப்பான பக்கம் நுழைந்துவிட்டது. மனைவி எட்டி அதைச் சரிசெய்தார்.

லேத்துக்காரர் மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்தார். அவர் தாடை இறங்கியிருந்தது. "பட்டறையும் பாதி நாள் பூட்டித்தான் கெடக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "அதையும் சொல்லுங்க."

சொன்னார்.

"சரி" என்று நம் அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மாப்பிள்ளை பெண்ணிடம் ஏதாவது பேசட்டும்."

துபாஷி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். பையன் பேசுவான், தாம் மொழிபெயர்ப்போம், அவள் இக்கரை மொழியில் பதில் சொல்வாள், புரியுமா புரியாதா என்கிற பேச்சை அப்படியே நழுவவிட்டு முத்திரை வாங்கிவிடலாம். மகளிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று.

பையன் அவளைப் பார்த்தான். இத்தனை நாளும் ஆற்றின் அகலத்துக்கு அப்பால் பார்த்த முகம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பாவம், எல்லாம் மறந்துவிட்டது அவனுக்கு.

"அந்த மெஷின் இன்னும் சத்தம் போடுதா?" என்றான்.

"போடுது" என்றாள் அவள் பட்டென்று. "நீதான் வந்து பாக்கலையே!"

சொன்னபிறகுதான் கையால் வாயைப் பொத்தினாள். மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்கரை அதிகாரி கைக்குட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"மொழிபெயர்க்கும் முன்பே பதில் சொல்லிவிட்டாள்" என்றார் நம் அதிகாரி மெதுவாக. "அயல்மொழி இவளுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு உண்மையான பதில் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னால் கல்யாணத்தோடு துபாஷி வேலையும் போகும், இரண்டு நாட்டுச் சட்டமும் போகும். துபாஷி கோட்டைக் கழற்றினார்.

"நான்தாங்கய்யா வீட்டுல வச்சுக் கத்துக்குடுத்தேன்."

"கற்றுக்கொடுக்க அனுமதி இருக்கிறதா?"

"கூடாதுன்னு யாரும் சொல்லலைங்களே."

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை; சொல்லிக்கொடுத்தவர் அரசாங்கத்துத் துபாஷி என்பதால், அரசாங்கத்துக்குத் தெரியாமல் கற்றதாகவும் ஆகாது. இக்கரையில் இன்னொருவனுக்கு அந்த மொழி தெரியும் என்று சட்டம் எழுதியவன் நினைத்துப் பார்த்திருந்தால்தானே! அவர் முகத்தில் சட்டம் தந்த அந்த அபூர்வமான சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நல்ல ஆசிரியர்" என்றார். "நல்ல மாணவி."

"அதெல்லாம் சரி" என்று அக்கரை அதிகாரி தம் பங்குக்குக் கிளம்பினார். "எங்க பையனுக்கு இந்தப் பொண்ணு பாஷை புரியுமான்னு கேளுங்க."

துபாஷி இதை யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் விழிப்பதைப் பார்த்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தப் புருஷனுக்குங்க பொண்டாட்டி பேசுற பாஷை புரிஞ்சிருக்கு?" என்றார்.

அக்கரை அதிகாரி வயிறு குலுங்க வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, தமக்கு இன்னும் புரியவில்லை என்பது ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார். துபாஷி கோட்டை மாட்டி, கனைத்து, மொழிபெயர்த்தார். அக்கரை அதிகாரி மறுபடியும் முதலிலிருந்து சிரித்தார். இந்தத் தடவை சட்டப்படி.

முத்திரைகள் விழுந்தன. இரண்டு நாட்டு முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில். நம் அதிகாரி எழுந்து நின்று நிபந்தனையைப் படித்தார். "இந்த நிமிஷத்திலிருந்து இவர் அக்கரைக் குடிமகள். இவர் பேசுவது அயல்மொழி. இந்த அனுமதி போவதற்கு மட்டும். கதவைத் தாண்டுவதற்குள், திரும்பி வருவேன் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் அனுமதி ரத்தாகும்."

யாரும் அதை ஒழுங்காகக் கேட்கவில்லை. லேத்துக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பையன் பெட்டியைத் தூக்கினான். மனைவி மகளின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார், சரியாகத்தான் இருந்தது அது. மகள் வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் கதவு வரைக்கும் போனாள். போனவள் திரும்பினாள். தினமும் கடைக்குக் கிளம்பும்போது சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"அப்பா, போயிட்டு வரேம்ப்பா."

துபாஷி கோட்டுப் போட்டிருந்தார்.

அவள் சொன்னது அயல்மொழி. துபாஷி சொன்னால்தான் நம் அதிகாரிக்கு அது காதில் விழும். வரேன் என்றாள் என்று சொன்னால் முத்திரை செல்லாது, பையன் பெட்டியைக் கீழே வைக்க வேண்டியதுதான். அதை மாற்றிச் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. 'போறேன்' என்றாள் என்று சொன்னால் முடிந்தது.

அவர் கனைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். போறேன் என்று பெற்ற பெண்ணைப் பார்த்து, அவள் வாயிலிருந்து வந்ததாக, தம் வாயால் எப்படிச் சொல்வது? வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவரும் சொல்லாத சொல். மறுபடியும் கனைத்தார். எத்தனையோ பேருடைய வசவை மாற்றிய நாக்குக்கு, ஒரு சொல்லை மாற்ற வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

நம் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். எழுத்துமொழி போய் அவருக்கும் பேச்சு வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார், தலையை நிமிர்த்தாமல். "நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? சொல்லாதீங்க."

அக்கரை அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துபாஷி தலையை மட்டும் ஆட்டினார். மனைவிதான் கோடுவரைக்கும் போய், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாடி தங்கம்" என்றார்.

துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.